குறியும் முதலும்: மனச்சிதைவு நோயைக் குருதியில் தேடிய வரலாறு

நோயின் குறி வேறு. நோயின் முதல் வேறு. உடல் கொதித்தல் குறியாகும். அக்கொதிப்பை விளைத்த கிருமி முதலாகும். உடல்நோய்களைப் பொறுத்தவரையில் இவ்வேறுபாடு இன்று பள்ளி மாணவரும் அறிந்ததொன்று. மனநோய்களைப் பொறுத்தவரையிலோ இவ்விரண்டையும் பிரித்துக் காண்பதற்கு மருத்துவ உலகு பட்ட பாடு சிறிதன்று.

மனச்சிதைவு நோய் எனத் தமிழில் வழங்கும் ஸ்கிசோபிரீனியா நோயினரின் குருதியிலே, நிர்ப்பீடனத் தொகுதியைச் சார்ந்த சில புரதங்கள் இயல்பினும் மிகுந்து காணப்படுகின்றன என இக்கால ஆய்வுகள் பல கூறுகின்றன. அப்புரதங்கள் மிகுந்தோரிடத்தே நினைவு, கவனம், திட்டமிடல் முதலிய அறிகைத் தொழிற்பாடுகள் குன்றியிருத்தலையும் அவற்றுட் சில சுட்டுகின்றன. இச்செய்தி புதியது போலத் தோன்றினும் இதன் பின்னே ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் ஒரு பெருவெற்றியும், அவ்வெற்றி ஊட்டிய துணிவினால் விளைந்த ஒரு பெருங்கேடும் அடங்கியுள்ளன. இவ்விரண்டையும் ஒருசேர நோக்காது இன்றைய ஆய்வுகளை மதிப்பிடுதல் அரிது என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

நோய்க்குப் பெயரிட்டோர்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஜேர்மனியின் ஹைடல்பேர்க் நகரிற் பணியாற்றிய எமில் கிறெப்பலின், தம்மிடம் வந்த நோயாளரை ஆண்டுக்கணக்கிற் பின்தொடர்ந்து அவர்தம் நோயின் போக்கைக் குறித்து வைத்தார். 1899ஆம் ஆண்டு வெளிவந்த தமது பாடநூலின் ஆறாம் பதிப்பிலே மனநோய்களுட் பெரும்பகுதியை அவர் இரு பெருங் கூறுகளாக வகுத்தார். வந்து வந்து நீங்கும் உணர்ச்சிக் கொந்தளிப்பு ஒன்று. இளமையிலே தோன்றி அறிவாற்றலைப் படிப்படியாகத் தேய்ப்பது மற்றொன்று. பின்னையதை அவர் டிமென்சியா பிறீகொக்ஸ் என வழங்கினார். இளமையில் நேரும் அறிவுத் தேய்வு என்பது அதன் பொருள்.

இப்பெயரில் இரு செய்திகள் கருதற்பாலன. முதலாவது, இல்லாத குரல் கேட்டலையும் பொய்யானவற்றை மெய்யென நம்புதலையும் விட, அறிவாற்றல் தேய்வதையே கிறெப்பலின் நோயின் உள்ளீடாகக் கொண்டார். இரண்டாவது, அத்தேய்வுக்கு உடலில் ஊறும் ஏதோவொரு நஞ்சு காரணமாகலாம் என்றும், அந்நஞ்சு பாலியற் சுரப்பிகளோடு தொடர்புடையதாகலாம் என்றும் அவர் ஐயுற்றார். நஞ்சு பற்றிய இவ்வையத்துக்கு அவரிடம் சான்று இருக்கவில்லை. எனினும் மனநோயின் மூலத்தை மூளைக்கு வெளியே, உடலின் பிற பகுதிகளில் தேடும் வழக்கத்துக்கு அவரது பெரும் பெயர் ஆதரவாயிற்று.

சூரிச் நகரின் பேர்க்ஹோல்ஸ்லி மருத்துவமனைத் தலைவர் ஒயிகன் புளொயிலர், இந்நோய் எல்லோரிடத்தும் இளமையிலே தோன்றுவதில்லை என்றும், எல்லோரிடத்தும் முழுத் தேய்வில் முடிவதில்லை என்றும் கண்டார். 1908ஆம் ஆண்டு பேர்ளினில் ஆற்றிய உரையிலே ஸ்கிசோபிரீனியா என்னும் சொல்லை முன்மொழிந்து, 1911ஆம் ஆண்டு அதனை விரிவான நூலாக்கினார். பெயர் மாறியதும் மருத்துவரின் நோக்கும் மாறலாயிற்று. எண்ணமும் உணர்ச்சியும் இணைப்பற்றுப் பிளவுபடுதல் முதலிடம் பெற, அறிகைக் குறைபாடு பின்தள்ளப்பட்டது. அது மீண்டும் முன்னிலைக்கு வர முக்கால் நூற்றாண்டுக்கு மேற் சென்றது.

ஒரு பெருவெற்றி

அக்கால ஐரோப்பிய மனநோய் மருத்துவமனைகளை நிறைத்த நோய்களுள் மனநோயாளரின் பொதுவாதம் எனப்பட்டதும் ஒன்று. தற்பெருமைப் பிதற்றலோடு தொடங்கி, நினைவிழப்பு, நாக்குழறல், கைகால் முடக்கம் என வளர்ந்து, சில ஆண்டுகளுள் உயிரைக் கவரும் கொடிய நோய் அது. 1822ஆம் ஆண்டு பாரிசில் அன்ருவான் பேல் என்னும் இளம் மருத்துவர், இந்நோயினரின் மூளையைப் போர்த்த மென்சவ்வுகளில் அழற்சி இருத்தலைத் தமது ஆய்வேட்டிலே காட்டினார். எனினும் அந்நூற்றாண்டு முழுவதும் அதன் முதல் யாது என்பது பற்றிப் பூசல் ஓயவில்லை. குடி, காமம், பரம்பரை, நாகரிக வாழ்வின் நெருக்கடி என ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைக் கூறினர்.

இப்பூசலைத் தீர்த்தவை அடுத்தடுத்து நிகழ்ந்த மூன்று கண்டுபிடிப்புக்களாகும். 1905ஆம் ஆண்டு பேர்ளினில் சௌடின், ஹொஃப்மன் ஆகிய இருவரும் சிபிலிசு எனும் மேகநோயின் கிருமியைக் கண்டறிந்தனர். 1906ஆம் ஆண்டு வாசர்மனும் அவர்தம் துணைவரும் அந்நோயைக் குருதியிற் காட்டும் சோதனையை உருவாக்கினர். 1913ஆம் ஆண்டு நியூயோர்க் நகரின் றொக்பெல்லர் நிலையத்திலே ஜப்பானிய அறிஞர் ஹிடேயோ நொகுச்சியும் மூர் என்பாரும், பொதுவாதத்தால் இறந்தோரின் மூளைகளை நுணுக்குக்காட்டியிற் பரிசோதித்து, அவற்றுட் சிலவற்றினுள்ளே அக்கிருமியையே நேரிற் கண்டனர். குருதியிற் கண்ட குறி, மூளையிற் கண்ட கிருமியோடு பொருந்திற்று. மனநோய் ஒன்றின் முதல் ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டது.

சிகிச்சையும் பின்தொடர்ந்தது. கடுங்காய்ச்சல் கண்ட மனநோயாளர் சிலர் தெளிவடைதலை 1887ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டியவர் ஒஸ்திரிய மருத்துவர் ஜூலியஸ் வாக்னர்-யவுரெக். 1917ஆம் ஆண்டு வியன்னாவில், மலேரியாக் காய்ச்சலுற்ற ஒரு போர்வீரனின் குருதியைக் கொண்டு பொதுவாத நோயாளரிடத்தே அவர் அக்காய்ச்சலை உண்டாக்கினார். பின்னர் அதனைக் குவினைன் கொடுத்து அடக்கினார். இவ்வாறு முதலிற் சிகிச்சை பெற்ற 9 பேருட் சிலர் தேறினர். வெப்பமே கிருமியை அழித்ததா, காய்ச்சலால் எழுச்சியுற்ற நிர்ப்பீடனம் அழித்ததா என்பது நெடுங்காலம் விவாதிக்கப்பட்டது. இம்முறை உலகெங்கும் பரவிற்று. இதனால் உயிரிழந்தோரும் இருந்தனர். ஆயினும் உறுதியான மரணத்தை எதிர்நோக்கியிருந்தோர்க்கு இதனின் வேறு கதி இருக்கவில்லை. 1927ஆம் ஆண்டு வாக்னர்-யவுரெக்குக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. 1943ஆம் ஆண்டில் பெனிசிலின் சிபிலிசைக் குணப்படுத்துதல் காட்டப்பட்டதும் மலேரியாச் சிகிச்சை படிப்படியாக மறையலாயிற்று.

வெற்றியின் நிழல்

பொதுவாதத்தின் புதிர் அவிழ்ந்ததும், ஏனைய மனநோய்களும் இவ்வாறே அவிழும் என்ற நம்பிக்கை பிறந்தது. அந்நம்பிக்கை தன்னளவிற் குற்றமுடையதன்று. ஆனால் பொதுவாதத்தில் முதலை நிறுவிய பின்னரே சிகிச்சை பரவியது என்பதை மறந்தவர்களால் பெருந்தீங்கு நேர்ந்தது.

அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்து ட்ரென்டன் நகர் மனநோய் மருத்துவமனையின் பொறுப்பை 1907ஆம் ஆண்டு ஏற்ற ஹென்றி கொட்டன், ஜேர்மனி சென்று கிறெப்பலினிடம் பயின்றவர். நோயாளரைக் கட்டிவைக்கும் கருவிகளை அகற்றியமை முதலிய நற்செயல்களும் அவருடையன. பல்லின் அடியிலும் தொண்டையிலும் குடலிலும் மறைந்திருக்கும் பற்றீரியாக்கள் சுரக்கும் நஞ்சு குருதி வழியே மூளையை அடைந்து பித்தை விளைக்கின்றது என அவர் உறுதியாக நம்பினார். 1916ஆம் ஆண்டளவில் நோயாளரின் பற்களைப் பிடுங்கத் தொடங்கிய அவர், பின்னர் தொண்டைச் சதைகளையும் ஈற்றிற் பெருங்குடலின் பகுதிகளையும் வெட்டி அகற்றுவித்தார். நூற்றுக்கு 85 பேர் குணமடைந்தனர் என உரிமை பாராட்டினார். பெருங்குடல் அறுவைக்குள்ளானோருள் ஏறத்தாழ 30 சதவீதத்தினர் இறந்தமையை அவரே ஒப்புக்கொண்டிருந்தும், அச்சிகிச்சை நிறுத்தப்படவில்லை. தம் கொள்கையில் அவர் கொண்ட நம்பிக்கை போலியானதன்று. தம் பிள்ளைகளின் பற்களையும் அவர் அகற்றுவித்தார். மனமார்ந்த நம்பிக்கை சான்றின் இடத்தை நிரப்பாது என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு அரிது.

உண்மையை அறியும் வழி அக்காலத்தும் இல்லாமற் போகவில்லை. நியூயோர்க்கில் கொப்பெலொஃப், கேர்பி ஆகியோர் நோயாளரை இரு குழுவினராக வகுத்து, ஒரு குழுவினர்க்கு மட்டும் தொற்றுள்ள பகுதிகளை அகற்றி, மற்றக் குழுவினரை அறுவையின்றி விட்டு ஒப்புநோக்கினர். 1923ஆம் ஆண்டு அவர்கள் வெளியிட்ட முடிபின்படி இரு குழுவினர்க்கிடையே வேறுபாடு காணப்படவில்லை. 1924ஆம் ஆண்டு, அமெரிக்க உளமருத்துவரின் தலைவராக விளங்கிய அடொல்ப் மேயரின் பணிப்பின்பேரில் பிலிஸ் கிறீனேக்கர் என்னும் பெண் மருத்துவர் ட்ரென்டனுக்குச் சென்று நோயாளரின் பதிவேடுகளை ஆராய்ந்தார். மிகுதியாக அறுவைக்குட்பட்டோர் தேறாதோரிடையும் இறந்தோரிடையுமே மிகுந்திருந்தனர். தேறியோர் பெற்ற சிகிச்சையோ குறைவானதாய் இருந்தது. இவ்வறிக்கை 1926ஆம் ஆண்டளவில் நிறைவுற்றும் மேயர் அதனை வெளியிடவில்லை. கொட்டன் 1930ஆம் ஆண்டுவரை பதவியில் நீடித்தார்.

இங்கு நிகழ்ந்த தவறு யாது? நோயாளரின் பல்லிலே தொற்று இருந்தமை பெரும்பாலும் உண்மையே. ஆனால் பராமரிப்பின்றி ஆண்டுக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தோர்க்குப் பற்கேடு நேர்தல் வியப்பன்று. நோயின் விளைவாகவோ வறுமையின் விளைவாகவோ தோன்றிய ஒன்றை நோயின் முதலாகக் கொண்டமையே தவறாகும். அத்தவறின் விலையைக் கொடுத்தோர் மறுத்துரைக்கும் வலுவற்றிருந்த நோயாளரே.

குருதியில் நஞ்சு தேடியோர்

கொட்டனின் கொள்கை மறைந்த பின்னரும் குருதியின்பாற் சென்ற நோக்கு மறையவில்லை. 1937ஆம் ஆண்டு ஜேர்மனியில் லேமன்-பாசியஸ், மனச்சிதைவு நோயினரின் மூளைமுண்ணாண் பாய்பொருளில் மூளை இழையத்தை எதிர்க்கும் பிறபொருளெதிரிகள் உள்ளன என அறிவித்தார். உடலைக் காக்கவேண்டிய நிர்ப்பீடனம் தன் மூளையையே பகையாகக் கருதித் தாக்கலாம் என்ற எண்ணம் இவ்வாறு கால்கொண்டது. 1950களின் பிற்பகுதியில் நியூ ஓர்லியன்ஸ் நகரின் ரூலேன் பல்கலைக்கழகத்து றொபேட் ஹீத், நோயாளரின் குருதியினின்று தரக்சீன் என ஒரு பொருளைப் பிரித்தெடுத்து, சிறையிலிருந்த தொண்டர்க்கு ஏற்றி, அவர்களிடத்தே மனச்சிதைவை ஒத்த தற்காலிகக் குழப்பம் தோன்றியதாகக் கூறினார். 1967ஆம் ஆண்டு அப்பொருள் மூளையை எதிர்க்கும் பிறபொருளெதிரியே என விளக்கினார். பிற ஆய்வுகூடங்கள் முயன்றபோது அம்முடிபு கிடைக்கவில்லை. கருதுகோள் கவர்ச்சியாய் இருந்தது. ஆனால் ஒருவர் கண்டதைப் பிறரும் காணவேண்டும் என்ற அறிவியலின் அடிப்படை நிபந்தனையை அது நிறைவு செய்யவில்லை.

இதே காலத்தில் மறுபுறத்தே இன்னொரு பிழை வளர்ந்ததையும் இங்குக் குறிப்பிடல் வேண்டும். 1948ஆம் ஆண்டு பிரீடா புறொம்-றைக்மன், பிள்ளையிடத்தே மனச்சிதைவை உண்டாக்கும் தாய் என்ற கருத்தை வெளியிட்டார். அமெரிக்க உளப்பகுப்பாய்வாளர் பலர் அதனைப் பின்பற்ற, நோயுற்ற பிள்ளையைக் கண்டு கலங்கிய தாயர் பழியையும் சுமக்க நேர்ந்தது. உடலிற் காரணம் தேடுவோரை அவசரக்காரர் என முற்றாக ஒதுக்கிவிட முடியாமைக்கு இதுவும் ஒரு காரணமாகும். அவர்களது தேட்டம் குடும்பங்கள் மீது சுமத்தப்பட்ட வீண்பழியை நீக்க உதவிற்று.

எண்ணிக்கை தந்த சான்று

1980களின் பின்னர் ஆய்வின் முறை மாறிற்று. ஒரு மருத்துவமனையின் சில நோயாளரைக் கொண்டு முடிபு கூறுதல் குறைய, நாடளாவிய பதிவேடுகள் ஆய்வுக் களமாயின. 1957ஆம் ஆண்டு இன்புளுவென்சாக் கொள்ளைநோயின்போது ஹெல்சிங்கி நகரில் நடுக் கருப்பகாலத்திலிருந்த தாயரின் பிள்ளைகளிடத்தே பிற்காலத்தில் மனச்சிதைவு மிகுந்து காணப்பட்டது என மெட்னிக்கும் அவர்தம் குழுவினரும் 1988ஆம் ஆண்டு அறிவித்தனர். பின்வந்த ஆய்வுகளுட் சில இதனை ஆதரித்தன, சில மறுத்தன. 2011ஆம் ஆண்டு டென்மார்க்கின் பதிவேடுகளை ஆராய்ந்த பென்றொஸ் குழுவினர், தன்னுடலைத் தானே தாக்கும் நிர்ப்பீடன நோய் முன்னர் இருந்தோர்க்கு மனச்சிதைவு நேரும் வாய்ப்பு 29 சதவீதமும், தொற்றுநோயால் மருத்துவமனையில் தங்கியோர்க்கு 60 சதவீதமும் உயர்வதாகக் கண்டனர்.

இவ்வெண்களைப் பொருளறிந்து வாசித்தல் வேண்டும். மனச்சிதைவுக்கு உள்ளாவோர் மக்களுள் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவினரே. அவ்வாய்ப்பு 60 சதவீதம் உயரினும் நூற்றுக்கு இருவரை எட்டாது. கடுந்தொற்றுக்கு உள்ளான பெரும்பாலார்க்கு இந்நோய் வருவதில்லை. இந்நோய் வந்தோருட் பலர்க்கு அத்தகைய தொற்று நேர்ந்ததுமில்லை.

பரம்பரையியலும் நிர்ப்பீடனத்தையே சுட்டிற்று. 2014ஆம் ஆண்டு 36,989 நோயாளரை உள்ளடக்கிய பன்னாட்டு ஆய்வு, மனச்சிதைவோடு தொடர்புள்ள 108 பரம்பரையலகுப் பகுதிகளைக் காட்டியது. அவற்றுள் மிக வலுவான தொடர்பு 6ஆம் நிறமூர்த்தத்தில், நிர்ப்பீடனப் பரம்பரையலகுகள் செறிந்துள்ள பகுதியில் இருந்தது. அத்தொடர்பின் ஒரு பகுதி சி-4 என்னும் புரதத்தின் பரம்பரையலகாலாவது என 2016ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வாளர் காட்டினர். உடலுட் புகும் கிருமிகளை அழித்தற்கு அடையாளமிடுவது இப்புரதத்தின் தொழில். வளரும் மூளையில் மிகையான நரம்பிணைப்புக்களைக் களைதற்கும் அது பயன்படுதல் எலிகளிடத்தே அறியப்பட்டது. இளமைப் பருவத்தில் இக்களைதல் எல்லை கடந்து போவதே மனச்சிதைவாகலாம் என 1980களின் தொடக்கத்திலேயே இர்வின் பெயின்பேர்க் கருதியிருந்தார். அக்கருதுகோளுக்கு ஒரு பொறிமுறை இப்போது கிடைத்தது. ஆயினும் இப்பரம்பரையலகு தனித்து உயர்த்தும் வாய்ப்பு சிறிதே.

இவ்வரலாற்றில் பொதுவாதத்துக்கு நிகரான இரண்டாம் வெற்றி என ஒன்றைக் கூறலாமெனின், அது 2007ஆம் ஆண்டு ஜோசெப் டால்மௌ குழுவினர் 12 பெண்களிடத்தே விளக்கிய மூளையழற்சியாகும். அவர்களுட் பெரும்பாலார்க்குச் சூலகத்திலே கட்டி இருந்தது. கட்டியை எதிர்க்க எழுந்த பிறபொருளெதிரிகள், மூளையின் என்.எம்.டி.ஏ. வாங்கிகளையும் தாக்கிப் பித்துநிலையையும் நினைவிழப்பையும் வலிப்பையும் விளைத்தன. கட்டியை அகற்றி நிர்ப்பீடனத்தை அடக்கியபோது பலர் தேறினர். மனநோயாளர் எனத் தவறாகக் கருதப்படக்கூடிய சிலரைக் காக்கும் அறிவு இதனாற் கிடைத்தது. ஆனால் இது மனச்சிதைவினின்று வேறான நோய் என்பதையும் இக்கண்டுபிடிப்பே தெளிவுபடுத்திற்று.

அறிகையும் அழற்சியும்

1952ஆம் ஆண்டு பாரிசில் அறிமுகமான குளோர்புரோமசீனும் அதன் வழிவந்த மருந்துகளும் குரல் கேட்டலையும் பொய்நம்பிக்கையையும் தணித்தன. எனினும் குரல்கள் அடங்கிய பின்னரும் பலர் தொழிலுக்குத் திரும்ப இயலாதிருந்தனர். 1996ஆம் ஆண்டு மைக்கல் கிறீன் அதுவரை வெளிவந்த ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி, நோயாளரின் அன்றாட வாழ்வைத் தீர்மானிப்பதில் நினைவு, கவனம் முதலிய அறிகைக் குறைபாடுகளுக்குப் பெரும் பங்குண்டு எனக் காட்டினார். கிறெப்பலின் முதன்மையாகக் கொண்டது இவ்வாறு மீண்டும் முன்னிலைக்கு வந்தது. மாத்திரையால் அடங்காத இக்குறைபாட்டுக்கு மருந்து தேடும் முயற்சியிலேயே நிர்ப்பீடன ஆய்வு வந்து கலந்தது.

சி-எதிர்வினைப் புரதம் என்பது 1930ஆம் ஆண்டு, முன்னர்க் கூறிய அதே றொக்பெல்லர் நிலையத்திலே, நியுமோனியா நோயாளரின் குருதியிற் கண்டறியப்பட்டது. அழற்சி ஏற்படுமிடத்துக் கல்லீரலால் மிகுதியாக ஆக்கப்படுவது அது. 2007ஆம் ஆண்டு பால்ரிமோர் நகர ஆய்வாளர், மனச்சிதைவு நோயினருள் இப்புரதம் மிகுந்தோர் அறிகைச் சோதனைகளிற் குறைந்த புள்ளி பெறுதலைக் கண்டனர். குரல் கேட்டல் முதலிய குறிகளின் கடுமையோடு அப்புரதத்துக்குத் தொடர்பு காணப்படவில்லை. இங்கிலாந்தின் பிரிஸ்டல் பகுதியில் 1991, 1992ஆம் ஆண்டுகளிற் பிறந்த பிள்ளைகளைப் பின்தொடர்ந்த ஆய்வொன்று 2014ஆம் ஆண்டு வெளிவந்தது. 9 வயதில் இன்டர்லூக்கின்-6 என்னும் அழற்சிப் புரதம் உயர்ந்திருந்தோர், 18 வயதில் மனச்சிதைவை ஒத்த அனுபவங்களைக் கூறும் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்காயிருந்தது. குறி நோய்க்கு முன்னரே தோன்றியமையின் இவ்வாய்வு சிறப்புப் பெறுகின்றது.

இவ்விடத்தில் ட்ரென்டனை நினைத்தல் தகும். புகைத்தல், உடற்பருமன், வறுமை, துயிலின்மை ஆகிய ஒவ்வொன்றும் அழற்சிப் புரதங்களை உயர்த்தவல்லது. மனச்சிதைவு நோயினரிடத்தே இவை யாவும் மிகுதி. அவர் உண்ணும் மருந்துகளுட் சில உடல் எடையைக் கூட்டுவன. அன்று பற்கேடு நின்ற இடத்தில் இன்று இப்புரதம் நிற்கக்கூடும். நோய் வாழ்வை நலித்ததன் சுவடோ, நோயை விளைத்த கரமோ என்பதைக் குருதியின் அளவு மட்டும் கூறாது.

அதனைக் கூறவல்லது கட்டுப்பாட்டுக் குழுவோடு கூடிய பரிசோதனையே. 2010ஆம் ஆண்டு இஸ்ரேலில், அழற்சியைத் தணிக்கும் மினோசைக்கிளின் என்னும் மருந்து நோயாளரின் அறிகையை உயர்த்துவதாகத் தோன்றியது. 2018ஆம் ஆண்டு ஐக்கிய இராச்சியத்தில் 207 பேரைக் கொண்டு ஓராண்டு நடத்திய பரிசோதனையில் அப்பயன் காணப்படவில்லை. இன்டர்லூக்கின்-6இன் செயலைத் தடுக்கும் டொசிலிசுமாப் மருந்து 2016ஆம் ஆண்டு 8 பேரிடத்தே நம்பிக்கை தந்தது. அங்கு ஒப்புநோக்கும் குழு இருக்கவில்லை. ஒரே சோதனையை மீண்டும் மீண்டும் எழுதுவோர் பழக்கத்தாலேயே கூடுதற் புள்ளி பெறுவர் என்பது இங்குக் கருதத்தக்கது. 2018ஆம் ஆண்டு போலி மருந்தோடு ஒப்புநோக்கியபோது அப்பயன் மறைந்தது. இம்முயற்சிகளால் வாயில் அடைபட்டுவிட்டதென்று கொள்ளல் வேண்டியதில்லை. அழற்சி மிகுந்த நோயாளரைத் தனியே தெரிந்து சோதித்தல் வேண்டும் என்பார் கூற்று நியாயமானதே. மனச்சிதைவு என்பது ஒரே நோயன்று, பல நோய்களுக்கு இட்ட ஒரு பெயர் எனின், அவற்றுட் சிலவற்றின் முதல் நிர்ப்பீடனத்தில் இருத்தல் கூடும்.

முடிவுரை

குருதிச் சோதனையொன்றால் மனச்சிதைவை நிச்சயிக்கும் நிலை இன்னும் எய்தப்படவில்லை. எய்தப்பட்டதெனக் கூறும் செய்தி வருங்காலத்தில் வருமாயின், இவ்வரலாறு நமக்கு மூன்று வினாக்களைத் தருகின்றது. குறி நோய்க்கு முந்தியதா, பிந்தியதா? ஒருவர் கண்டதைப் பிறரும் கண்டனரா? குறியை மாற்றியபோது நோயும் மாறியதா? பொதுவாதம் இம்மூன்று வினாக்களுக்கும் விடையளித்தமையாலேயே அது வெற்றியாயிற்று. ட்ரென்டனில் இவ்வினாக்களை எழுப்பியோர் இருந்தனர். அவர்தம் குரல் பதிவேட்டினுள்ளே அடக்கப்பட்டது. கொப்பெலொஃப், கேர்பி, கிறீனேக்கர் ஆகியோர் புதிய மருந்தொன்றையும் கண்டுபிடித்தாரல்லர்; பயனற்ற ஒன்றைப் பயனற்றதெனக் கணக்கிட்டுக் காட்டியதே அவர்தம் பணி. கிறீனேக்கரின் அறிக்கை உரிய காலத்தில் வெளிவந்திருப்பின் ட்ரென்டனிற் பல உயிர்கள் எஞ்சியிருக்கும்.